17 நாள்ல வந்துடுமா பிபி? அப்பாவோட டிஸெபிலிட்டி பென்ஷன் அப்பீல்

கேள்வி: வணக்கம் சார். நாங்க ஆவடில இருக்கோம். எங்கப்பா 1998-ல ஆர்மில சேர்ந்து 24 வருஷம் சர்வீஸ் முடிச்சு 2022 ஜூலைல ஹவில்தாரா வீட்டுக்கு வந்தார். வெளிய வரும்போது நடந்த மெடிக்கல் போர்டுல பிபி 30 பர்சென்ட், ஆயுசுக்கும் இருக்கும்னு போட்டுட்டு, ஆனா அது சர்வீஸால வந்தது இல்லைனு எழுதிட்டாங்க. அதனால டிஸெபிலிட்டி பென்ஷன் கிடையாதாம். ஃபர்ஸ்ட் அப்பீல் போட்டோம், அதையும் இந்த வருஷம் மார்ச் 12 தேதி போட்ட லெட்டர்ல தள்ளிட்டாங்க. அப்பா "போதும் விடும்மா, பிச்சை கேக்கற மாதிரி இருக்கு"ங்கறார். தெரிஞ்சவர் மூலமா ஒருத்தர் வந்து, வர்ற அரியர்ஸ்ல 40 பர்சென்ட் குடுத்தா முடிச்சு தரேன்ங்கறார், ஸ்பார்ஷ்ங்கற பென்ஷன் வெப்சைட் பாஸ்வேர்டும் கேக்கறார். அப்பாவுக்கு முழங்கால் வலி வேற இருக்கு, ஓட்டத்துல விழுந்தத ப்ரமோஷன் போயிடும்னு பயந்து மறைச்சுட்டார், அதையும் சேர்க்க முடியுமா? நாளைக்கு அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா அம்மா பென்ஷனுக்கு இதனால பாதிப்பு வருமா? பேப்பர் எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பிருக்கேன்.

பதில்:

மா, மொதல்ல காலண்டர எடுத்து செப்டம்பர் மொத வாரத்த வட்டம் போடுங்க. ஃபர்ஸ்ட் அப்பீல் தள்ளுபடி ஆனா செகண்ட் அப்பீலுக்கு 6 மாசம் டைம், லெட்டர் மார்ச் 12 தேதி போட்டிருக்கு, அது உங்க கைக்கு ஏப்ரல் மாசம் வந்துச்சோ மே மாசம் வந்துச்சோ நீங்க லெட்டர்ல இருக்கற தேதிய வெச்சே கணக்கு போடுங்க, அதுதான் சேஃப். நல்ல கேஸ் எல்லாம் தேதி தாண்டிப்போய் என்கிட்ட வந்து நிக்கும், அப்புறம் எதுக்கு லேட்டுனு காரணம் சொல்றதுலயே பாதி சக்தி போயிடும். உங்களுக்கு இன்னும் டைம் இருக்கு, அதனாலதான் இத இவ்ளோ நீளமா எழுதறேன்.

நீங்க அனுப்பின 11 போட்டோவையும் பெருசு பண்ணி பாத்தேன். போர்டு ஷீட்ல டாக்டர் எழுதின காரணம் ஒரே ஒரு வரி. பீஸ் ஸ்டேஷன்ல, அதாவது சண்டை ஆபத்து இல்லாத சாதாரண ஊர்ல, ஆரம்பிச்ச வியாதி, ஃபீல்டு, உயரமான ஏரியா, தீவிரவாத எதிர்ப்பு டூட்டி எதோடவும் கிட்டத்து தொடர்பு இல்லை, அவ்ளோதான். இந்த வரிய நான் வருஷக்கணக்கா பாக்கறேன், ஆளு மாறும், வியாதி மாறும், வரி மாறாது. இதுக்கு ஆர்மி பாஷைல என்.ஏ.என்.ஏ., நம்ம ஆளுங்க வாயில "நானா". அதாவது சர்வீஸால வந்ததும் இல்ல, சர்வீஸால அதிகமானதும் இல்ல. பென்ஷன் கிடைக்க ரெண்டுல ஏதாவது ஒண்ணு இருந்தா போதும், கூடவே 20 பர்சென்டுக்கு குறையாம இருக்கணும். அப்பாவுக்கு 30 இருக்கு. அப்போ சண்டை முழுக்க அந்த ஒரு வரியோடதான்.

இப்போ ஏழாவது போட்டோ. டிரங்க் பெட்டில இருந்து எடுத்ததுனு நினைக்கறேன், மடிச்ச இடத்துல கிழிஞ்சு, ஓரத்துல உங்க கட்டைவிரல் தெரியுது. அது மூவ்மெண்ட் ஆர்டர், ஒரு யூனிட்ல இருந்து இன்னொரு இடத்துக்கு கிளம்பச் சொல்லி தர்ற பேப்பர். 2016 நவம்பர் 20, லடாக்ல இருக்கற லே ஊர் பக்கத்து யூனிட்ல இருந்து அப்பா கிளம்பினது. அங்க ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்திருக்கார். அப்புறம் 60 நாள் ஆனுவல் லீவு. அடுத்த ஸ்டேஷன்ல ரிப்போர்ட் பண்ணது 2017 ஜனவரி 23, அதுவும் அந்த ஆர்டர் பின்பக்கமே சீல் குத்தி இருக்கு. ஒன்பதாவது போட்டோ ஹாஸ்பிடல் பேப்பர், 2017 பிப்ரவரி 9, பிபி 170/110.

எண்ணிப் பாருங்க, 17 நாள்.

லே ஊரே கிட்டத்தட்ட 3,500 மீட்டர் உயரம், 9,000 அடிக்கு மேல போனாலே ஆர்மி கணக்குல அது ஹை ஆல்டிட்யூட். அங்க ரெண்டு வருஷம் இருந்த மனுஷன், லீவுல வீட்டுக்கு வந்துட்டு, புது இடத்துல போய் பெட்டிய இறக்கி 17 நாள்ல தலைசுத்தி விழுந்து ஹாஸ்பிடல் போறார், அந்த 17 நாள்ல புதுசா முளைச்ச பிபிதான் 170/110-னு போர்டு சொல்லுது. கண்டுபிடிச்ச தேதி வேற, வந்த தேதி வேறமா. பிபி வலிச்சு வர்ற வியாதி இல்ல, மெஷின் கைல சுத்தின அன்னிக்குதான் வெளிய தெரியும். போர்டு கண்டுபிடிச்ச தேதிய ஆரம்ப தேதியா எடுத்துக்கிச்சு, அதுதான் அந்த வரியோட ஓட்டை. ராணுவ டாக்டர்களுக்குனு ஒரு வழிகாட்டி புத்தகம் இருக்கு, 2002-ல வந்து 2008-ல திருத்தினது. அதுல 43-வது பாரா பிபி பத்தினது. ஃபீல்டு, ஹை ஆல்டிட்யூட், தீவிரவாத எதிர்ப்பு ஏரியா, ரொம்ப நாள் கப்பல்ல இருக்கற சர்வீஸ், இந்த மாதிரி இடத்துல இருக்கும்போது வந்த பிபிய சர்வீஸால அதிகமானதா எடுத்துக்கணும்னு அவங்க புத்தகமே சொல்லுது. அந்த பாராவோட நம்பர செகண்ட் அப்பீல்ல கண்டிப்பா எழுதுங்க.

சட்டத்துல உங்க பக்கம் நிக்கற பெரிய தீர்ப்பு 2013 ஜூலை 2-ம் தேதி சுப்ரீம் கோர்ட் சொன்ன தரம்வீர் சிங் கேஸ். வலிப்பு வியாதினு வீட்டுக்கு அனுப்பின ஒரு சோல்ஜர் போட்ட கேஸ் அது. சேரும்போது எடுத்த மெடிக்கல்ல எந்த வியாதியும் எழுதலைன்னா அந்த ஆளு நல்ல உடம்போடதான் சேர்ந்தார்னு எடுத்துக்கணும், பின்னாடி வந்தத சர்வீஸோடதான் சேர்த்து பாக்கணும், இல்லைனு சொல்றவங்கதான் நிரூபிக்கணும், சந்தேகம்னா அதோட பலன் சோல்ஜருக்கு, போர்டு இல்லைனு சொன்னா காரணம் எழுதணும், சும்மா வரி போடக்கூடாது. இவ்ளோவும் அதுல இருக்கு. அப்பா 1998-ல ஃபிட்னு எழுதித்தான் உள்ள போனார், அந்த ஷீட்டும் உங்ககிட்ட இருக்கு.

ஆனா ஒரு பக்கத்த மட்டும் சொல்லி உங்கள அனுப்ப எனக்கு மனசு வராது. தரம்வீர் சிங் தீர்ப்பு, யாருக்கு டிஸெபிலிட்டி பென்ஷன் உண்டுனு சொல்ற 1982 ரூல்ஸ வெச்சு வந்தது. அப்பா 2022-ல ரிட்டயர் ஆனதால அவருக்கு 2008 ரூல்ஸ், அதுல வார்த்தைகள கொஞ்சம் இறுக்கிட்டாங்க, அரசு தரப்பு வக்கீல் அத பிடிச்சுத்தான் பேசுவார். 2019-ல நர்சிங் யாதவ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே, எல்லா வியாதியையும் கண்ண மூடிட்டு சர்வீஸ் கணக்குல சேர்க்க முடியாது, போர்டு சொல்றதுக்கும் மதிப்பு இருக்குனு சொல்லிருக்கு, அது மனநோய் சம்பந்தப்பட்ட கேஸ். அதனாலதான் "சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு"னு ஒரே வரில அப்பீல் போடாதீங்கனு நான் எல்லார்கிட்டயும் கெஞ்சறேன். உங்க பலம் அந்த 17 நாள், தீர்ப்பு அதுக்கு பின்னாடி நிக்கட்டும். இன்னொண்ணு, 2008 ரூல்ஸ்லயே கூட சாதாரணமா சோல்ஜர நிரூபிக்க சொல்லக்கூடாதுனுதான் இருக்கு, ரிட்டயர் ஆகி 15 வருஷம் கழிச்சு கேட்டாத்தான் அந்த சுமை அவர் தலைக்கு வரும். அப்பா அந்த கட்டத்துல இல்ல. 2023 செப்டம்பர் 21-ல இருந்து புது ரூல்ஸ் வந்துச்சு, பேரே மாத்தி இம்பேர்மெண்ட் ரிலீஃப்னு ஆக்கிட்டாங்க. அதப்பத்தி வாட்ஸ்அப்ல சுத்தறத படிச்சு பயந்துக்காதீங்க, அப்பா அதுக்கு முன்னாடியே வெளிய வந்துட்டார்.

ஃபர்ஸ்ட் அப்பீல்ல நீங்க எழுதினத படிச்சேன். ரெண்டு பக்கம். அப்பா பனில நின்னது, அம்மா ஒண்டியா உங்கள வளத்தது, தம்பி காலேஜ் ஃபீஸ், எல்லாமே உண்மை, எனக்கு தொண்டை அடைச்சுது. ஆனா அந்த ரெண்டு பக்கத்துல மூவ்மெண்ட் ஆர்டர் தேதி எங்கயும் இல்ல. அப்பீல் கமிட்டி முன்னாடி ஃபைல் போகும்போது அவங்க தேடறது ஒரே விஷயம், போர்டு சொன்னது தப்புனு காட்ட பேப்பர்ல என்ன இருக்குனுதான். அதனால செகண்ட் அப்பீல் நாலு பாரா போதும்மா, இங்கிலீஷ்ல. 1998-ல ஃபிட்டா சேர்ந்தது ஒண்ணு. லேல எத்தன தேதில இருந்து எத்தன தேதி வரைக்கும், அங்கிருந்து கிளம்பினது, லீவு, ரிப்போர்ட் பண்ணது, பிபி பிடிபட்டது, இத தேதியோட ஒண்ணு கீழ ஒண்ணா எழுதுங்க. அப்புறம் போர்டு காரணம் எழுதாதது, 43-வது பாரா, தரம்வீர் சிங். கடைசில என்ன வேணும்ங்கறது. இந்த கடைசி விஷயத்துலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க, அதுக்கு இப்போ வரேன்.

டிஸெபிலிட்டி எலிமெண்ட், அதாவது சர்வீஸ் பென்ஷனுக்கு மேல வியாதிக்காக தர்ற தொகை, அதோட கணக்கு இதுதான். 100 பர்சென்டுக்கு கடைசி சம்பளத்துல 30 பர்சென்ட், அதுல இருந்து பர்சென்டுக்கு தகுந்த மாதிரி குறையும். அப்பாவோட கடைசி பேசிக், எம்.எஸ்.பி.ங்கற மிலிட்டரி சர்வீஸ் பே எல்லாம் சேர்த்து 45,000-னு வெச்சுக்கோங்க. 100 பர்சென்டுக்கு 13,500. அப்பாவோட 30 பர்சென்டுக்கு 4,050. ஆனா பிராட் பேண்டிங்னு ஒண்ணு இருக்கு, 50-க்கு கீழ இருந்தா 50-ஆ தூக்கிப்பாங்க, அதுக்கு மேல 75, அப்புறம் 100. அப்படின்னா அப்பாவுக்கு 50 பர்சென்ட், 6,750, விலைவாசிக்காக தர்ற டி.ஆர். தனி, இப்போ வாங்கற சர்வீஸ் பென்ஷனுக்கு மேல, ஆயுசு முழுக்க. இந்த பிராட் பேண்டிங் வியாதியால பாதில வெளிய அனுப்பினவங்களுக்கு மட்டும்தான்னு ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தாங்க. 2014 டிசம்பர் 10-ல ராம் அவதார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட், சர்வீஸ முழுசா முடிச்சு வந்தவங்களுக்கும் உண்டுனு சொல்லிடுச்சு. அதனால அப்பீல்ல 30 பர்சென்ட் குடுங்கனு மட்டும் கேக்காதீங்க, 50-ஆ ரவுண்ட் பண்ணி, ரிட்டயர் ஆன மறுநாள்ல இருந்து அரியர்ஸோட குடுங்கனு வாய் விட்டு கேளுங்க. கேக்காதத யாரும் தானா தரமாட்டாங்க.

போர்டு ஷீட்ல ஒரு பக்கம்தான் உங்ககிட்ட இருக்கு, முழு செட்டும் வேணும். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16-ங்கற அந்த ஃபார்ம்லயே முன்னாடி பார்ட்ல அப்பா எங்கெங்க இருந்தார், அது பீஸா ஃபீல்டானு தேதியோட இருக்கும், அவங்க ஃபார்மே அவங்களுக்கு எதிரா பேசும். 10 ரூபா போஸ்டல் ஆர்டர் வெச்சு ஆர்.டி.ஐ. போடுங்க, 30 நாள்ல பதில் சொல்லணும். ஆனா அது வர்ற வரைக்கும் அப்பீல நிறுத்தி வெக்காதீங்க, இருக்கறத வெச்சு அனுப்பிட்டு, பேப்பர் வந்ததும் கூடுதலா அனுப்பிக்கலாம். அனுப்பவேண்டிய அட்ரஸ் ரிஜெக்ஷன் லெட்டர்லயே இருக்கு, ஸ்பீட் போஸ்ட்ல போடுங்க, ரசீத டிரங்க் பெட்டில வெக்காம தனியா ஃபைல்ல வைங்க, மை மங்கிடும்கறதால அத ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க.

அந்த 40 பர்சென்ட் ஆளு. மா, இதுல நான் கொஞ்சம் கோவமாவே சொல்றேன். வக்கீலா இருந்தா வர்ற பணத்துல பங்கு பேசக்கூடாதுனு பார் கவுன்சில் ரூலே இருக்கு, ஜெயிச்சா இவ்ளோனு ஃபீஸ் பேசறதும் தப்பு. வக்கீல் இல்லைன்னா அவருக்கு உங்க வீட்ல என்ன வேலை? ஸ்பார்ஷ் பாஸ்வேர்டு, ஓ.டி.பி., கையெழுத்து போட்ட வெத்து செக், வெத்து பேப்பர், எதையும் குடுக்காதீங்க. ஏற்கனவே பாஸ்வேர்டு குடுத்திருந்தா இத படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடி மாத்துங்க. அப்பாவோட பென்ஷன் முழுக்க அந்த ஒரு அக்கவுண்ட்லதான் இருக்கு. காசு கஷ்டம்னா மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல போய் கேளுங்க, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமா இலவசமா வக்கீல் வெச்சுக்கவும் மனு போடலாம். 2025-ல நால்சா, அதாவது தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு, வீர் பரிவார் சகாயதா யோஜனானு முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குனே ஒரு திட்டம் ஆரம்பிச்சிருக்கு, அதப்பத்தியும் விசாரிங்க.

செகண்ட் அப்பீலும் தள்ளிட்டா, இல்ல 6 மாசமா பதிலே வரலைன்னா, அடுத்தது ஏ.எஃப்.டி., ஆர்ம்டு ஃபோர்சஸ் டிரிப்யூனல். 2007 சட்டப்படி வந்தது, சென்னைலயே பெஞ்ச் இருக்கு. அப்பா எந்த ஊர்ல சர்வீஸ் பண்ணார், ரெக்கார்ட் ஆபீஸ் எந்த ஸ்டேட்ல இருக்குங்கறதெல்லாம் பிரச்சனை இல்ல, ரிட்டயர் ஆனவர் இப்போ குடியிருக்கற ஊர வெச்சே போடலாம், டெல்லி போகவேண்டாம். ஆர்டர் வந்த தேதில இருந்து 6 மாசம், பதிலே வராம இருந்தா அந்த 6 மாசம் முடிஞ்சதுல இருந்து இன்னொரு 6 மாசம். லேட் ஆனா மன்னிக்க கேக்கலாம், பென்ஷன் மாசாமாசம் வரவேண்டிய விஷயம்கறதால வாசல் முழுசா மூடாது, ஆனா விலை குடுக்கணும். தர்செம் சிங்னு ஒரு சோல்ஜர், 1983-ல வெளிய வந்தவர், 1999-லதான் ஹைகோர்ட் போனார், 16 வருஷம். 2008-ல சுப்ரீம் கோர்ட் அவருக்கு பென்ஷன் உண்டுனு ஒத்துக்கிச்சு, அரியர்ஸ மட்டும் கேஸ் போட்டதுக்கு முன்னாடி 3 வருஷத்தோட நிறுத்திடுச்சு. 13 வருஷ காசு போச்சு. டிரிப்யூனல்ல ஜெயிச்சாலும் அரசு தரப்பு மேல போகலாம், 2023 மார்ச்ல பர்ஷோத்தம் தாஸ் கேஸ்ல ஹைகோர்ட் இதெல்லாம் விசாரிக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது ரெண்டு பக்கத்துக்கும்தான். அதனால ஆர்டர் வந்த மறுநாளே காசு வந்துடும்னு நம்பி கடன் மட்டும் வாங்கிடாதீங்க.

முழங்கால். அப்பா ஓட்டத்துல விழுந்தத மறைச்சுட்டார்னு எழுதிருக்கீங்க, மெடிக்கல் கேட்டகிரி இறங்கினா ப்ரமோஷன் போயிடும்னு பயந்து. இத செய்யாத ஜவான நான் பாத்ததே கம்மி. ஆனா இன்ஜுரி ரிப்போர்ட் இல்ல, போர்டுலயும் அந்த வியாதி பேரே இல்ல, இத இப்போ பிபியோட கலந்தா நல்லா இருக்கற கேஸும் குழம்பும். பழைய மிலிட்டரி ஹாஸ்பிடல் சீட்டு ஏதாவது கிடைச்சா தனியா பாக்கலாம், இந்த அப்பீல்ல வேண்டாம்.

அப்பாகிட்ட இத எப்படி சொல்றதுனு எனக்கும் யோசனைதான். என்கிட்ட வர்றவங்கள்ல பாதி பேர் பொண்டாட்டியோ புள்ளையோ இழுத்துட்டு வந்தவங்கதான், சேர் நுனில உக்காந்து தரைய பாத்துட்டு இருப்பாங்க. டிஸெபிலிட்டிங்கற வார்த்தையே அவங்களுக்கு சுடும், நான் என்ன நொண்டியா முடமானு கேப்பாங்க. வேலூர் பக்கத்துல இருந்து வந்த ஒரு நாயக், ஒரு மணி நேரம் வாயே திறக்கல, நான் அவரோட போஸ்டிங் லிஸ்ட ஒவ்வொண்ணா வாசிச்சு இது சரியானு கேக்க ஆரம்பிச்சதும் மூணாவது ஊர்ல நிமிந்தார், அந்த ஊர் குளிர் பத்தி பேச ஆரம்பிச்சவர் சாயங்காலம் வரைக்கும் நிறுத்தல, எங்களுக்கு தேவையான எல்லா தேதியும் அவர் வாயிலதான் இருந்துச்சு. நீங்களும் பணம், அப்பீல், கோர்ட்னு எதுவும் ஆரம்பிக்காதீங்க. அந்த மூவ்மெண்ட் ஆர்டர கைல குடுத்து, அப்பா, லேல இருந்து கிளம்பின அன்னிக்கு என்னாச்சு, தலைவலி அங்கயே இருந்துச்சானு கேளுங்க. அங்க உடம்பு சரியில்லைனு சிக் ரிப்போர்ட் போயிருந்தார்னா, ஒரே ஒரு தடவ யாராவது பிபி பாத்திருந்தா, கூட இருந்தவங்க யாருக்காவது ஞாபகம் இருந்தா, அது 17 நாளையும் தாண்டின சாட்சி. அவர் சொல்ல சொல்ல நோட்டுல எழுதிக்கோங்க.

அம்மா விஷயம். டிஸெபிலிட்டி எலிமெண்ட் அப்பா இருக்கற வரைக்கும்தான், அது அம்மாவுக்கு போகாது. அம்மாவுக்கு வரவேண்டிய ஃபேமிலி பென்ஷன் தனி, அப்பீல் போடறதால அதுல ஒரு ரூபா குறையாது. கேஸ் நடக்கும்போது அப்பாவுக்கு ஏதாவது ஆனாலும் அதுவரைக்கும் சேர்ந்த அரியர்ஸ வாரிசா அம்மா தொடர்ந்து கேக்கலாம். அதுக்கு பி.பி.ஓ.ங்கற பென்ஷன் ஆர்டர்ல அம்மா பேரும் பிறந்த தேதியும் ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கணும், நீங்க அனுப்பின பத்தாவது போட்டோல அம்மா பேர்ல ஒரு எழுத்து வேற மாதிரி இருக்கு, அத அப்பா இருக்கும்போதே ஸ்பார்ஷ்ல திருத்திடுங்க.